பழகிவிட்டதா, பழுதாகிவிட்டதா?

கேள்வி: பதினைந்து வருடமாக இயந்திரச் சத்தத்தில்தான் வேலை. முதலில் தலை வலிக்கும், இப்போது ஒன்றும் செய்வதில்லை. காது பழகிவிட்டதுதானே?

பதில்: அப்படி நினைத்துவிடாதீர்கள். சத்தம் குறைந்தது போலத் தோன்றினால், கேட்கும் திறன் குறைந்திருக்கலாம். உட்காதில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் ஒருமுறை செத்தால் மறுபடி முளைக்காது. உயர்ந்த சுருதி ஒலிகள் முதலில் போகும். ஆள் பேசுவது கேட்கும், சொல் பிடிபடாது. வீட்டில் அடிக்கடி “என்ன?” என்று கேட்கிறீர்களா?

85 டெசிபல் (ஒலியின் அளவு) சத்தத்தில் 8 மணி நேரம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனமான நையோஷின் கணக்குப்படி, 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும்: 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி. கையெட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும் என்றால் 85-ஐத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாதமே ஒரு ஆடியோகிராம் (கேட்கும் திறன் சோதனை) எடுத்துவிடுங்கள். மீதமிருப்பதையாவது காப்பாற்ற வேண்டும்.

கேள்வி: ஆறு வருடமாக இரவு ஷிஃப்ட். உடம்பு மாறியிருக்குமா?

பதில்: பெரும்பாலானவர்களுக்கு முழுதாக மாறுவதில்லை. காலை வெளிச்சமும் விடுமுறை நாளும் உடல் கடிகாரத்தைப் பழைய இடத்துக்கே இழுத்துவிடும். வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி, படுக்கையறையில் தடித்த திரை. இரண்டும் உதவும்.

கேள்வி: உலை அருகே புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். வெப்பம் போகப்போகப் பழகும் என்கிறார்கள்.

பதில்: இது மட்டும் உண்மை. 7 முதல் 14 நாளில் வியர்வை சீக்கிரம் சுரக்கும், அதில் உப்பு குறையும், இதயத் துடிப்பு தணியும். ஆனால் வெப்பத்தால் ஏற்படும் சாவுகளில் பல முதல் சில நாட்களிலேயே நடக்கின்றன. அதனால் முதல் நாள் முழு வேலையில் ஐந்தில் ஒரு பங்கு போதும், அப்புறம் தினம் கொஞ்சம் கூட்டலாம். யாராவது உளறினால், தள்ளாடினால் காத்திருக்காதீர்கள். ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, வரும்வரை உடம்பில் குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டே இருங்கள்.

கேள்வி: வாரம் 60 மணி நேர வேலை. தியானம் செய்தால் சரியாகுமா?

பதில்: மனம் கொஞ்சம் அடங்கும், மணி நேரம் குறையாதே. உலக சுகாதார அமைப்பும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட கணக்கில், வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத அபாயம், 35-40 மணி உழைப்பவர்களைவிட 35 சதவீதம் அதிகம். முதலில் ரத்த அழுத்தத்தைப் பாருங்கள். பிறகு எந்த வேலையை எப்போது செய்வது என்பதையாவது நீங்களே முடிவு செய்ய முடியுமா என்று மேலாளரிடம் பேசுங்கள். பிரிட்டன் அரசு ஊழியர்களிடம் நடந்த வைட்ஹால் ஆய்வில், தன் வேலைமீது பிடி இல்லாதவர்களுக்குத்தான் இதய நோய் அதிகம் வந்தது.