15 அடி அலுமினியப் படகுக்கு எந்த அளவு டிரெய்லர் வாங்குவது?

கேள்வி கேட்டவர் மெல்பர்னில் 4.5 மீட்டர் அலுமினியப் படகு ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறார். கூடவே வந்த டிரெய்லர் துருப்பிடித்துவிட்டதால் புதிது தேடுகிறார். கடைக்காரர் ‘4.5 மீட்டர் படகு வரை பொருந்தும்’ என்று அட்டை தொங்கவிட்ட, பிரேக் இல்லாத 750 கிலோ டிரெய்லரைக் காட்டியிருக்கிறார். அதை எடுக்கலாமா என்பதுதான் கேள்வி.

எடுக்காதீர்கள். நீளம் சரியாக வரும், எடை உதைக்கும்.

நானும் மெல்பர்ன்வாசிதான். அக்டோபர் பிறந்ததும் போர்ட் பிலிப் விரிகுடாவில் ஸ்னாப்பர் மீனைத் தேடிப் படகு இறக்கும் கூட்டத்தில் ஒருவன். படகு வாங்கும் நண்பர்கள் டிரெய்லர் பார்க்க என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். அந்தப் பழக்கத்தில்தான் எழுதுகிறேன். விதிகள் ஆஸ்திரேலியாவுக்கானவை. வேறு நாட்டில் இருப்பவர்கள் அந்த ஊர் வரம்புகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிரெய்லரின் முன்தண்டில் ஒரு தகடு இருக்கும். அதில் ‘ஏடிஎம்’ என்று ஓர் எண் போட்டிருப்பார்கள் (வங்கி வாசலில் நிற்பது இல்லை). டிரெய்லரின் சொந்த எடையும் அதன்மேல் ஏற்றிய எல்லாமும் சேர்ந்து அந்த எண்ணைத் தாண்டக் கூடாது. 750 என்றதும் 750 கிலோ படகை ஏற்றலாம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். வெறும் டிரெய்லரே 220, 260 கிலோ இருக்கும். அதைக் கழித்தால் மிச்சம் ஏறக்குறைய ஐந்நூறுதான்.

இப்போது படகைப் பார்ப்போம். விற்பனைத் தாளில் போட்டிருக்கும் எடை பெரும்பாலும் வெறும் உடற்பகுதியின் எடை. உங்கள் அளவுப் படகுக்கு 330 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 குதிரைத்திறன் நாலு ஸ்ட்ரோக் மோட்டார் ஏறக்குறைய 115 கிலோ. 60 லிட்டர் பெட்ரோல் 45 கிலோ (பெட்ரோல் தண்ணீரைவிட லேசு, லிட்டர் முக்கால் கிலோதான்). பேட்டரி 20. நங்கூரம், சங்கிலி, கயிறு சேர்த்து 12. லைஃப் ஜாக்கெட், தீயணைப்பான், துடுப்பு வகையறா 13. வெயிலுக்குப் போட்ட கூரை, கூடுதல் இருக்கை, மீன் காட்டும் கருவி என்று முந்தைய உரிமையாளர் மாட்டியவை ஒரு 25. தூண்டில்கள், ஐஸ் நிரப்பிய எஸ்கி பெட்டி 40. கூட்டினால் சரியாக 600 கிலோ வருகிறது. டிரெய்லர் 260 என்றால் மொத்தம் 860. உங்கள் படகில் முன்னே பின்னே இருக்கலாம், ஆனால் 750க்குள் அடங்கவே அடங்காது.

அப்படியானால் பிரேக் உள்ள டிரெய்லர்தான். இங்கே சக்கரங்களின் மேல் இறங்கும் எடை 750 கிலோ வரை இருந்தால் பிரேக் தேவையில்லை. அதைத் தாண்டி 2,000 வரை குறைந்தது ஓர் அச்சிலாவது பிரேக் வேண்டும். கார் வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னால் தள்ளும் விசையிலேயே வேலை செய்யும் ‘ஓவர்ரைடு’ வகை போதும். 2,000க்கு மேல் எல்லாச் சக்கரங்களுக்கும் பிரேக், ஓட்டுநர் இருக்கையிலிருந்தே இயக்கும் வசதி என்று கதை வேறு. உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. 1,000 முதல் 1,200 கிலோ ஏடிஎம் உள்ள, ஒற்றை அச்சு, ஓவர்ரைடு பிரேக் டிரெய்லர் பொருத்தமாக இருக்கும்.

‘எதற்கும் இருக்கட்டும்’ என்று இரண்டு டன் டிரெய்லர் வாங்கிப் போடுவதும் சரியில்லை. கனமான படகுக்கென்று போட்ட வில் பட்டைகள் லேசான படகுக்கு வளைந்தே கொடுக்காது. சாலையின் ஒவ்வொரு குழியும் அப்படியே அலுமினியத் தகட்டுக்குப் போகும். அலுமினியம் ஒரே அடியில் உடையாது, ஆயிரம் சின்னக் குலுக்கலில் வெல்டிங் ஓரமாக விரிசல் விடும். கணக்கிட்ட எடைக்கு மேல் 15, 20 சதவீதம் இடம் இருந்தால் போதும். பழைய வீட்டிலிருந்து கொண்டுவந்த எல்லாவற்றையும் படகில் போட்டு வைக்கும் ஆளாக இருந்தால் 30 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து கார். நீங்கள் எழுதவில்லை, ஆனால் நம்மவர்கள் பலரிடம் இருப்பது ராவ்4 ஹைபிரிட் என்பதால் அதையே சொல்கிறேன். 2019இல் இங்கே வந்த தலைமுறையில் முன்சக்கர இயக்கக் கார் இழுக்கக்கூடியது 480 கிலோதான். அதே கார், அதே முகம், நாலு சக்கர இயக்கம் என்றால் பிரேக் உள்ள டிரெய்லரோடு 1,500 கிலோ. பக்கத்து வீட்டுக்காரர் இழுக்கிறாரே என்று பார்த்து முடிவு செய்ய முடியாது. கார் கையேடு, டோபார் (காரின் பின்னால் மாட்டும் இழுவைக் கம்பி), அதன் முனையில் இருக்கும் உருண்டை, அதைக் கவ்வும் டிரெய்லர் கொக்கி, எல்லாவற்றிலும் ஓர் எண் இருக்கும். எது சிறியதோ அதுதான் உங்கள் வரம்பு.

எடை தீர்ந்ததா, இப்போது கடைக்காரர் சொன்ன நீளத்துக்கு வருவோம். படகின் மொத்த நீளம் எனக்கு இரண்டாம்பட்சம். நான் முதலில் பார்ப்பது பின்பலகை (மோட்டார் மாட்டும் பின்சுவர்) எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை. டிரெய்லருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து அடியில் பாருங்கள். படகைத் தாங்கும் நைலான் சட்டங்கள் பின்பலகைக்கு நேர் கீழே வரை வந்திருக்க வேண்டும். ஒரு விரற்கடை வெளியே நீட்டியிருந்தாலும் பரவாயில்லை. அரையடி முன்னாலேயே நின்றுவிட்டால், 115 கிலோ மோட்டார் அந்தரத்தில் தொங்குகிறது என்று அர்த்தம். ஒவ்வொரு மேட்டிலும் அது பின்பலகையைக் கீழே இழுக்கும். நாளடைவில் அடித்தகடு அந்தச் சட்டத்தின் முனையில் மடங்கும். தண்ணீரில் படகு மூக்கைக் குத்திக்கொண்டு ஓட ஆரம்பித்தபிறகு மோட்டாரைக் குறை சொல்லிப் பயனில்லை.

அப்படியே ஒரு தபால் அட்டையைச் சட்டத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் செருகிப் பாருங்கள். நுழைந்து ஓடினால் அந்த இடம் தாங்கவில்லை, வேறெங்கோ ஒரே புள்ளியில் சுமை இறங்குகிறது. அலுமினியப் படகுக்கு நடுவில் கீல் (படகின் நடு அடித்தண்டு) உட்காரும் உருளைகள், இரு பக்கமும் நீளச் சட்டங்கள் என்பதுதான் வழக்கமான அமைப்பு. பெரும் சுமை உருளைகளில், சட்டங்கள் படகு சாயாமல் பிடிக்கும். சட்டங்கள் உள்ளே இருக்கும் விலா எலும்புகளையோ நீளவாட்டுத் தாங்கிகளையோ ஒட்டி ஓட வேண்டும், வெறும் தகட்டின் நடுவில் அல்ல. கொத்துக் கொத்தாகச் சின்ன உருளைகள் வைத்த டிரெய்லர் ஃபைபர் படகுக்கு அருமை. மெல்லிய அலுமினியத்தில் அது குழி விழவைக்கும்.

முன்பக்கம் வின்ச் (படகை டிரெய்லர்மேல் இழுக்கும் சுற்றுக்கருவி) நிற்கும் கம்பத்தை நகர்த்த முடியும். பின்பலகை சரியான இடத்துக்கு வரும்வரை கம்பத்தைத் தள்ளிவைத்து, அணியம் (படகின் மூக்கு) அதன் ரப்பர் உருளையில் பொருந்தும்படி இறுக்க வேண்டும். வின்ச் பட்டை படகின் வளையத்தை மட்டமாகவோ லேசாகக் கீழ்நோக்கியோ இழுப்பது நல்லது. மேல்நோக்கி இழுத்தால் அணியம் எழும்பி எழும்பிக் குதிக்கும். பட்டையை மட்டும் நம்பாமல் தனியே ஒரு சங்கிலியும் போடுங்கள்.

கொக்கி எடையை, அதாவது கொக்கி வழியாகக் காரின்மேல் இறங்கும் எடையை, வீட்டிலேயே பார்க்கலாம். குளியலறைத் தராசு ஒன்று, அதன்மேல் ஒரு பலகை, பலகைமேல் ஒரு கட்டைத் துண்டு. சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, டிரெய்லர் கார் உருண்டையின் உயரத்தில் மட்டமாக இருக்கும்படி கொக்கியைக் கட்டைமேல் இறக்குங்கள். பெட்ரோல் டேங்கும் எஸ்கியும் நிரம்பியிருக்கும்போது பார்க்க வேண்டும். படகு டிரெய்லருக்கு மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம் கொக்கியில் இருந்தால் நல்லது. உங்கள் 860 கிலோவுக்கு 45க்கும் 85க்கும் நடுவில். குறைந்தால் 90 கிலோமீட்டர் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டும். கூடினால் காரின் பின்பக்கம் தொய்ந்து முன்விளக்கு மரத்து உச்சியைக் காட்டும். சரிசெய்ய அச்சைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்தச் சொல்லுங்கள். படகையே நகர்த்தினால் பின்பலகைக் கணக்கு கெட்டுப்போகும். மொத்த எடையில் சந்தேகம் இருந்தால் ஒரு பொது எடைமேடையில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள்.

உப்புத்தண்ணீரில் இறக்குவதால் சூடான கால்வனைசிங் (உருக்கிய துத்தநாகத்தில் முக்கிய பூச்சு) செய்ததே வேண்டும். பெயின்ட் அடித்தது வேண்டாம், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும். விளக்குகள் தண்ணீர் புகாத எல்இடி. பிரேக் பாகங்களும் கேபிளும் ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டியவை. நீண்ட தூரம் ஓட்டி வந்த சூட்டோடு சக்கரங்களைக் கடலில் இறக்கினால் பேரிங் உள்ளே தண்ணீரை உறிஞ்சும். படகு இறக்கும் ரேம்ப்பில் (சரிவுத்தளம்) கொஞ்சம் நிறுத்தி, சாமான்களை ஏற்றி முடித்துவிட்டு இறக்குங்கள்.

கராஜையும் அளந்துகொள்ளுங்கள். 4.5 மீட்டர் படகோடு டிரெய்லரின் முன்தண்டும் பின்னால் மோட்டாரும் சேர்ந்தால் 6 மீட்டரைத் தொடும். இங்கே பல கராஜ்களின் ஆழமும் அதைச் சுற்றித்தான். மடங்கும் முன்தண்டு சில டிரெய்லர்களில் கிடைக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

பணம் கொடுக்குமுன் படகைக் கடைக்குக் கொண்டுபோய், மோட்டார் மாட்டிய நிலையில் அவர்களே ஏற்றி, சட்டங்களையும் கம்பத்தையும் பொருத்தித் தர வேண்டும் என்று விலையோடு சேர்த்துப் பேசிவிடுங்கள். முடியாது என்றால் அடுத்த கடை.