செம்மறியில ரெட்டைக்குட்டி போடுற நல்ல தாய் ஆட்டை எப்படி உருவாக்குறது?

நுவரெலியா பக்கம் தோட்டத்துல செம்மறி வச்சிருக்கேன், ரெட்டை போடுற இனம் எங்க வாங்கலாம்னு கேட்டிருக்கீங்க. ஃபின்ஷீப் மாதிரி ஒரே ஈத்துல ரெண்டு மூணு போடுற இனங்கள் வெளிநாட்டுல இருக்கு, ஆனா இனத்த தேடி அலையுறதுக்கு முன்னாடி உங்க பட்டியிலயே பாருங்க, எந்த ஆடு ரெட்டை போட்டு ரெண்டுக்கும் பால் குடுத்து தேத்துதோ அதோட பொட்டைக்குட்டிய விக்காம வைங்க. ஒத்தையா பொறந்தது கொழுகொழுன்னு இருக்குன்னு அதையே தாய்க்கு நிப்பாட்டுறாங்க, அது சரியே இல்ல.

கெடா சேர்க்க 2, 3 வாரத்துக்கு முன்னமே தீனிய கூட்டுங்க, ரெட்டை தங்குற வாய்ப்பு கூடும். சினை கிட்டத்தட்ட 147 நாள், அதுல கடைசி 6 வாரம்தான் வயித்துல குட்டி வேகமா வளரும், அப்ப வெறும் புல் பத்தாது, தவிடும் புண்ணாக்கும் கொஞ்சம் கொஞ்சமா சேருங்க, ஆனா மாட்டுக்கு விக்கிற மினரல போட்டுறாதீங்க, அதுல இருக்குற செம்பு செம்மறிக்கு விஷம்.

குட்டி விழுந்ததும் காம்பு அடைப்ப பீய்ச்சி எடுத்துட்டு சீம்பால் குடிக்க விடுங்க, தொப்புள்ல அயோடின் தடவுங்க. நம்ம ஊரு குளிருக்கு குட்டி வாய்க்குள்ள விரல விட்டு பாருங்க, ஜில்லுன்னு இருந்தா உடனே சூடு காட்டணும்.

மழைக்காலத்துல குளம்பு இடுக்கு அழுகும், அதனால பலகை பரண் கட்டாயம் வேணும். கீழ் இமைய இழுத்து பாருங்க, வெளுத்திருந்தா பெரும்பாலும் குடல் புழுதான். அப்புறம் களைநாசினி அடிச்ச தேயிலை மலையில புல் அறுக்கவே வேணாம்.