கோழி வளர்ப்பு கேள்வி பதில்: ஏழாம் நாள் டார்ச் அடிச்சா ரத்த வளையம்

கேள்வி: அண்ணா வணக்கம். தெர்மாகோல் பெட்டி, ரெண்டு பல்பு, சின்ன ஃபேன், ஒரு டெம்பரேச்சர் கன்ட்ரோலர் போர்டு வாங்கி நானே இன்குபேட்டர் (குஞ்சு பொரிக்கிற மிஷின்) செஞ்சேன். எங்க நாட்டுக்கோழி முட்டை 18, பக்கத்து ஊர்ல வாங்கி பைக்ல எடுத்துட்டு வந்தது 12, மொத்தம் 30. சேர்க்கவே 12 நாள் ஆயிடுச்சு, அதுவரைக்கும் ட்ரேல அடுக்கி ஃப்ரிட்ஜ் மேல வெச்சிருந்தேன். கத்திரி ஆரம்பிச்சப்ப 37.7 டிகிரில செட் பண்ணி மாடி ஷீட் ரூம்ல மிஷினை ஓடவிட்டேன். ஏழாம் நாள் டார்ச் அடிச்சா 6 முட்டை வெறுமனே இருக்கு, 11 முட்டையில சிவப்பா வளையம், 13ல மட்டும்தான் நரம்பு ஓடுது. போர்டு மாத்தணுமா, சேவல் சரியில்லையா?
(குடியாத்தம் வாசகர்)

பதில்: தம்பி, போர்டும் மாத்த வேணாம், சேவலையும் விக்க வேணாம், அவசரப்படாதீங்க. 11 உயிர் வளையமா நின்னுபோச்சுன்னு படிச்சப்ப எனக்கே மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு, ஆனா அந்த வளையம்தான் நமக்கு சாட்சி. கரு கூடி ரத்தக்குழாய் படர ஆரம்பிச்சு ரெண்டாம் நாள்ல இருந்து நாலாம் நாளுக்குள்ள செத்தா, ரத்தம் ஓரமா ஒதுங்கி அப்படி வளையமா நிக்கும். அப்ப அந்த 11லயும் சேவல் தன் வேலையை செஞ்சிருக்கு.

அந்த வெறும் 6 முட்டையையும் கூமுட்டைன்னு தூக்கிப் போட்டுடாதீங்க, ஒவ்வொண்ணா தட்டுல உடைச்சு மஞ்சக்கரு மேல பாருங்க. சின்னதா கெட்டியா ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் இருந்தா சேவல் கூடாத முட்டை. புள்ளி அகலமாகி வளையல் மாதிரியோ பால் ஏடு மாதிரியோ பரவியிருந்தா கரு கூடி முதல் நாள் ரெண்டு நாள்லயே செத்தது, அதை டார்ச்ல கண்டுபிடிக்க முடியாது. நிறைய பேர் இதை உடைச்சு பார்க்காமலே சேவலை மாத்திடறாங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். என் கணக்குப்படி உங்க முட்டையில பாதி சாவு மிஷின்ல நடக்கல, ஃப்ரிட்ஜ் மேலயே ஆரம்பிச்சிடுச்சு. ஏன்னா முட்டைக்குள்ள இருக்கிற கரு தூங்கணும்னா சுமார் 20 டிகிரிக்கு கீழ இருக்கணும், அதுக்கு மேல போனா மெதுவா வளர ஆரம்பிச்சிடும், ஆனா முழு சூடு கிடைக்காததால ஒழுங்காவும் வளராது, அரைகுறையா வளர்ந்து வளர்ந்து தெம்பு போயிடும், அப்புறம் மிஷின்ல வெச்சதும் ரெண்டு மூணு நாள் ஓடிட்டு நின்னுடும். நம்ம வேலூர் பக்கம் கத்திரியில ராத்திரி கூட வீட்டுக்குள்ள 30 டிகிரி இருக்குது, ஃப்ரிட்ஜ் மேலன்னா அது விடற சூடும் சேர்ந்துக்கும், அங்க 12 நாள்! 15 டிகிரில இருந்து 18 டிகிரில வெச்சாலே ஒரு வாரம்தான் நல்லது. ஃப்ரிட்ஜ் உள்ளயும் வேணாம், அது 4, 5 டிகிரி, ரொம்ப குளிர்ச்சி.

எங்க பாட்டி ஈரமணல் கொட்டி அது மேல மண்பானையை வெச்சு உள்ள முட்டை போட்டு வைப்பாங்க, பானை வாயை துணியால கட்டுவாங்க. அதேதான் இன்னிக்கும் கைக்கு எட்டின வழி, கூர்முனை கீழ இருக்கணும், மணலை காலை சாயங்காலம் நனைக்கணும். ஆனா வெயில் காலத்துல அதுலயும் 20க்கு கீழ இறங்காது, அதனால அஞ்சு நாளுக்கு மேல சேர்க்காதீங்க, 30 வேணும்னு காத்திருக்காம 10 இருந்தா 10ஐ வைங்க.

அடுத்தது அந்த ஷீட் ரூம். போர்டுக்கு பல்பை அணைக்கத்தான் தெரியும், பெட்டியை குளிர வைக்கத் தெரியாது. மத்தியானம் ஷீட்டுக்கு கீழ ரூமே 40ஐ தாண்டினா உள்ள பல்பு எரியாமலே முட்டை வேகுது. கரு குளிர்ச்சியை ஓரளவு தாங்கும், ரெண்டு மணி நேரம் கரண்ட் போனா கூட பிழைச்சுக்கும், அதிக சூட்டை தாங்காது. கீழ் வீட்ல காத்தோட்டமான, வெயில் படாத மூலையில வைங்க.

போர்டு கெடலன்னு சொன்னேன், ஆனா செட்டிங் பாருங்க. பல போர்டுல சூடு 2 டிகிரி இறங்கின பிறகுதான் பல்பு திரும்ப எரியுற மாதிரி கடையில இருந்தே வரும், அதை 0.3க்கு கொண்டு வாங்க. சென்சார் முட்டை உயரத்துல தொங்கணும், பல்பு பக்கத்துல இல்ல. அது காட்டுறது சரியான்னு தெரிய மெடிக்கல் ஷாப்ல விக்கிற காய்ச்சல் தெர்மாமீட்டரையும் சென்சாரையும் ஒரே வெதுவெதுப்பான தண்ணியில விட்டு ஒப்பிட்டுப் பாருங்க, ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தாலே முதல் வாரக் கரு பாதிக்கும்.

பைக்ல வந்த முட்டைக்கு கூர்முனை கீழ வெச்சு ஒரு நாள் ஓய்வு குடுத்துட்டு வைங்க. அடுத்த தடவை பென்சில்ல நம்ம முட்டைக்கு ஒரு குறி, வெளி முட்டைக்கு ஒரு குறி போடுங்க, அப்பதான் வளையம் எதுல அதிகம்னு தெரியும். தாய்க்கோழிக்கு வெறும் அரிசி மட்டும் போட்டா சத்து இல்லாமலும் கரு சாகும், முருங்கைக்கீரை, அசோலா (தண்ணியில வளர்ற தீவனச் செடி) ஏதாவது சேருங்க. முட்டையை கழுவாதீங்க.

மீதி 13 பத்தி உங்ககிட்ட போன்லயே சொல்லிட்டேன், மத்தவங்களுக்காக எழுதறேன். வளையம் வந்த 11ஐயும் உடனே எடுத்துடுங்க, உள்ள அழுகி வெடிச்சா நல்ல முட்டையும் கெடும். மிச்சத்தை ஒரு நாளைக்கு மூணு தடவையாவது திருப்பி விடுங்க, 18ம் நாளோட நிறுத்திட்டு ஈரப்பதத்தை 65 சதவீதத்துக்கு மேல ஏத்துங்க, அப்புறம் குஞ்சு வெளிய வர்ற வரைக்கும் மூடியைத் திறக்கவே கூடாது.