ஒலிபெருக்கிக்குத் தனி அனுமதி, தம்பி

நியூயார்க் வந்து ஆறு மாதம்தான் ஆகிறது என்கிறீர்கள். மகளின் பிறந்தநாளுக்கு நாற்பது பேரைப் பூங்காவுக்கு அழைக்கலாமா, வீட்டுத் தெருவையே ஒரு நாள் அடைத்துக் கொண்டாடலாமா, சாப்பாட்டுக்கு யாரிடம் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். சாப்பாட்டை எப்படியும் சமாளித்துவிடுவீர்கள். அனுமதி விஷயத்தில்தான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள்.

தெரு வேண்டாம், தம்பி. தெருவை அடைத்தால் அது தெருவாசிகள் எல்லோருக்குமான விழாவாக இருக்க வேண்டும். 60 நாளுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும், தீயணைப்பு வண்டி நுழைய 15 அடி வழி விட வேண்டும், எதையும் விற்கக் கூடாது. ஒரு குழந்தையின் பிறந்தநாளுக்கு இத்தனை பாடு எதற்கு?

பூங்காவுக்கே போங்கள். இருபது பேருக்கு மேல் கூடினால் அனுமதி கட்டாயம். விண்ணப்பக் கட்டணம் 25 டாலர், திரும்பி வராது. ஒரு மாதம் முன்பே போட்டுவிடுங்கள். "இத்தனை வருடமாக யாரும் கேட்டதே இல்லை" என்று சொல்ல நான்கு பேர் வருவார்கள். காவலர் வந்து நிற்கும்போது அந்த நால்வரில் ஒருவர்கூட அருகில் இருக்க மாட்டார். பட்டுத்தான் சொல்கிறேன்.

நான் வந்த இரண்டாம் கோடையில் எங்கள் குழுவின் ஒன்றுகூடலுக்கு என் பெயரில்தான் விண்ணப்பித்தார்கள். பூங்கா அனுமதித் தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். ஒலிபெருக்கிக்குத் தனி அனுமதி வேண்டும் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அதைப் பகுதிக் காவல் நிலையத்தில், பூங்கா அனுமதியைக் காட்டி, ஐந்து நாளாவது முன்னதாக வாங்க வேண்டும். கட்டணம் 45 டாலர். காவலர் என் தாளை இரண்டு முறை படித்தார், மரியாதையாகத்தான் பேசினார், பாட்டை நிறுத்தச் சொன்னார். மேடையில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி பரதநாட்டியத்தின் முதல் உருப்படியான அலாரிப்பு ஆடிக்கொண்டிருந்தாள். பாட்டு நின்றதும் அரைமண்டியிலேயே, நீட்டிய கையை இறக்காமல், என்னைப் பார்த்தபடி நின்றாள். பெரியவர்கள் பலர் மெல்லத் தங்கள் கார்களை நோக்கி நடந்துவிட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதற்குப் பிறகு விதிகளை நானே உட்கார்ந்து படித்தேன். மரத்தில் கயிறு கட்டித் தோரணம் தொங்கவிடக் கூடாது. அடுப்பு மூட்ட அதற்கென்று குறித்த இடம் உண்டு, வேறெங்கும் கூடாது. பூங்காவில் மது அறவே கூடாது. இதைச் சொன்னால் சில நண்பர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். குப்பை முழுவதும் உங்கள் பொறுப்பு.

மறுகோடையில் இரண்டு தாள்களும் என் பையில் இருந்தன. அந்தச் சிறுமி முதலில் ஆட மறுத்தாள். அவளைக் கூப்பிட்டு, காவல் நிலையத்தில் வாங்கிய தாளைக் கையில் கொடுத்தேன். எழுத்துக் கூட்டி முழுவதையும் படித்தாள். பிறகு பாட்டியிடம் ஓடிப்போய்ச் சலங்கையைக் கட்டிவிடச் சொன்னாள்.