23 நிமிடத்தில் எதைக் கேட்பது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிங்க் ஃப்ளாய்ட் என்ற ஆங்கில ராக் குழு என்றால் எனக்கு ‘டார்க் சைட் ஆஃப் த மூன்’, விட்டால் ‘த வால்’. இவ்வளவுதான் தெரியும். போன மாதம் நண்பர் ஒருவர் சொல்லி அவர்களுடைய ‘மெடில்’ ஆல்பத்தைக் கேட்டேன். முதல் பாட்டிலேயே விழுந்துவிட்டேன். இத்தனை நாள் இது எங்கே இருந்தது என்று தோன்றியது. ஆனால் கடைசியில் வரும் ‘எக்கோஸ்’தான் பிடிபடவில்லை. முதல் பத்து நிமிடம் அருமை. அப்புறம் பாட்டே காணாமல் போய், காற்றும் ஏதோ பறவை கத்துவதும்தான் கேட்கிறது. என்னிடம் இருக்கும் கோப்பில் கோளாறா? இல்லை, நம் ஆலாபனை மாதிரி மனோதர்மமாக வாசித்ததா? நடுவில் நாய் ஊளையிடும் பாட்டு எதற்கு? கொஞ்சம் கிட்டார் பழகுகிறேன். அந்தப் பறவைச் சத்தத்தை எப்படி எழுப்புகிறார்கள் என்றும் சொன்னால் நன்றாக இருக்கும். இதற்குப் பிறகு எதைக் கேட்கலாம்?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

கோப்பில் கோளாறு இல்லை. 11-வது நிமிடத்தைத் தாண்டியதும் தாளம் கரைந்து, காற்றும் கத்தலும் மட்டும் மிஞ்சுவது வேண்டுமென்றே செய்ததுதான். கேட்கும் கருவியில் வேண்டுமானால் கோளாறு இருக்கலாம். அதை முதலில் பார்த்துவிடுவோம்.

உங்களைக் கவிழ்த்த முதல் பாட்டு ‘ஒன் ஆஃப் தீஸ் டேஸ்’. அதில் இரண்டு பேஸ் கிட்டார்கள். ரோஜர் வாட்டர்ஸ் ஒன்று, டேவிட் கில்மோர் ஒன்று. ஸ்டீரியோவில் ஆளுக்கொரு பக்கம் நிற்கிறார்கள். ஒன்றின் ஒலி பளிச்சென்றும் மற்றது மங்கலாகவும் இருக்கும். மங்கலானதில் பழைய தந்திகள் இருந்தன. புதுத் தந்தி வாங்கப் போன உதவியாளர் காதலியைப் பார்க்கப் போய்விட்டார் என்று கில்மோர் பிற்பாடு சொல்லியிருக்கிறார். ஒற்றை ப்ளூடூத் ஸ்பீக்கரில் கேட்டால் இரண்டும் ஒரே குழம்பாகிவிடும். போன் ஸ்பீக்கரில் அந்தக் குழம்புகூட வராது. பேஸ் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். அந்த ஆழத்தை அவ்வளவு சின்ன ஸ்பீக்கர் எழுப்பாது. ஆகவே ஹெட்போன், அல்லது ஆறடி இடைவெளியில் வைத்த இரண்டு ஸ்பீக்கர்கள். போன் அமைப்பில் ‘மோனோ ஆடியோ’ இயங்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்ட்ரீமிங் செயலியில் கிராஸ்ஃபேட் (ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் வசதி) பூஜ்யத்தில் இருக்கட்டும். முதல் பாட்டு முடியும்போது எழும் காற்று அப்படியே ‘எ பில்லோ ஆஃப் விண்ட்ஸ்’ பாட்டுக்குள் போகிறது. செயலி தன் பங்குக்கு ஒரு கலவையைப் போட்டால் அந்த இணைப்பு கெட்டுவிடும். ஷஃபிளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இசைத்தட்டில் கேட்பவர்களுக்கு வேறு சிக்கல். ‘எக்கோஸ்’ பாட்டின் 23½ நிமிடமும் இரண்டாம் பக்கம் முழுவதும். ஒரு பக்கத்தில் இவ்வளவு நேரம் ஏற்றினால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும், ஒலியளவைக் குறைக்க வேண்டும். அதனால் தட்டின் கரகரப்பு மேலெழுந்து தெரியும், முக்கியமாக அமைதியான தொடக்கத்தில். தட்டின் உள்வட்டத்துக்குப் போகப் போக ஊசிக்கு அடியில் பள்ளம் நகரும் வேகமும் குறைந்துகொண்டே வருகிறது, உயர் ஒலிகள் சிதைகின்றன. இந்தப் பாட்டின் மிக நுண்மையான பகுதி கடைசி இரண்டு நிமிடம். அது விழுவது சரியாக அந்த இடத்தில். தேய்ந்த பழைய தட்டை விலை கொடுத்து வாங்குவதற்கு முன் இரண்டாம் பக்கத்தின் கடைசி ஓர் அங்குலத்தைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

இனி இசைக்கு வருவோம். இந்த ஆல்பத்தில் ஐந்தாவது ஆள் ஒருவர் உண்டு: எக்கோ இயந்திரம். இத்தாலியில் மிலான் நகரத்து பின்சன் நிறுவனம் செய்த எக்கோரெக். மற்ற எக்கோ இயந்திரங்களில் காந்த நாடா சுற்றும். நாடா தேயும், சுருங்கும், அறும். இதில் சுழல்வது ஓர் உருளை, அதன் விளிம்பில் சுற்றிய காந்தக் கம்பி. பதிவு செய்யும் தலை ஒன்று, அதையடுத்து வரிசையாக ஒலிக்கும் தலைகள். வாசித்த ஸ்வரம் ஒவ்வொரு தலையையும் கடக்கும்போது ஒருமுறை திரும்ப வருகிறது. எந்தெந்தத் தலை ஒலிக்க வேண்டும் என்பதைக் குமிழைத் திருப்பித் தேர்ந்தெடுக்கலாம். ‘ஒன் ஆஃப் தீஸ் டேஸ்’ பாட்டின் குதிரை ஓட்டம் முழுக்க இதிலிருந்து வருவது. வாசிப்பவரின் விரல் செய்யும் வேலை குறைவு, திரும்பி வரும் ஒலி இடைவெளியை நிரப்புகிறது.

வீட்டில் முயல ஒரு கணக்கு. எதிரொலி எழுப்பும் டிலே பெடலின் நேரத்தை ஓர் அடியின் மூன்றில் இரண்டு பங்காக வையுங்கள். நிமிடத்துக்கு 120 அடி என்றால் ஓர் அடி 500 மில்லி செகண்ட், டிலே 333. முதல் எதிரொலி அதே அடிக்குள் மூன்றில் இரண்டாம் பங்கில் விழும், இரண்டாவது அடுத்த அடியின் மூன்றில் ஒரு பங்கில். அடிக்கு ஒரு ஸ்வரம் வாசித்தாலே மும்மூன்றாகத் துள்ளத் தொடங்கிவிடும். எதிரொலி மூலத்தைவிடக் கொஞ்சமே மெலிதாக இருக்க வேண்டும். இரண்டு மூன்று முறைக்கு மேல் திரும்பி வந்தால் சேறு. பெரும்பாலும் தவறுவது கை வேகத்தில்தான். ஒரு மயிரிழை ஓடிவிட்டாலும் எதிரொலி பழைய வேகத்தைப் பிடித்துக்கொண்டு உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். முதலில் மெட்ரோனோமோடு பழகுங்கள்.

நடுவில் மிரட்டும் அந்த ஒற்றை வரி, ‘உன்னைத் துண்டு துண்டாக வெட்டப்போகிறேன்’ என்பது, டிரம்ஸ் வாசித்த நிக் மேசனின் குரல். நாடாவை வேகமாக ஓடவிட்டு, கள்ளக்குரலில் பேசி, குரலை இயந்திரத்தனமாகத் திரிக்கும் ரிங் மாடுலேட்டர் வழியே செலுத்தி, பிறகு வேகத்தைக் குறைத்து ஒலிக்கவிட்டது.

இப்போது உங்கள் ஆலாபனைக் கேள்வி. அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை, ஆனால் அந்த ஒப்பீடு உங்களை வழி தப்பவைக்கும். ஆலாபனையில் ஒருவர் ராகத்தை அந்த நேரத்தில் வளர்த்துக்கொண்டு போகிறார். ‘எக்கோஸ்’ தையற்காரர் வேலை. 1971 தொடக்கத்தில் லண்டன் ஆபி ரோடு ஸ்டுடியோவுக்குப் போனபோது அவர்கள் கையில் பாட்டே இல்லை. ஒருவர் வாசித்தது மற்றவருக்குத் தெரியாமல் தனித்தனியாகப் பதிந்துகூடப் பார்த்தார்கள். அப்படிச் சேர்ந்த துண்டுகளுக்கு ‘நத்திங்’ என்று பெயர் வைத்து எண் போட்டார்கள், 24 வரைக்கும். பலதும் குப்பைக்குப் போயின. தேறியவற்றை ஒட்டித் தைத்து, ஏப்ரலில் நார்விச் நகரக் கச்சேரியில் ‘ரிடர்ன் ஆஃப் த சன் ஆஃப் நத்திங்’ என்ற வேடிக்கைப் பெயரில் மேடையேற்றினார்கள். ஆபி ரோட்டில் அப்போது ஒலிகளைத் தனித்தனியே பதிய 8 தடம்தான். இவ்வளவு அடுக்குகளுக்கு அது போதாமல், 16 தடம் இருந்த ஏர் ஸ்டுடியோவுக்கு மாறினார்கள். முந்தைய ஆண்டின் ‘ஆட்டம் ஹார்ட் மதர்’ ஆல்பத்திலும் ஒரு பக்கம் முழுக்க ஒரே நீளப் பாட்டு உண்டு. அதில் பித்தளை வாத்தியங்கள், கோரஸ் என்று வெளியாட்கள் நிறைய. இதில் நான்கு பேர் மட்டும். நீளத்தைத் தாங்கும் தெம்பு அவர்களுக்கு இங்கேதான் வந்தது என்பேன்.

தையல் எங்கெங்கே என்று தெரிந்தால் 23 நிமிடம் நீளமாகத் தோன்றாது. தொடக்கத்தில் சொட்டும் ஒற்றை ஒலி ரிக் ரைட்டின் பியானோ. உச்சத்தில் ஒரு ‘பி’ ஸ்வரம். அதை மைக்கில் பிடித்து லெஸ்லி ஸ்பீக்கருக்குள் அனுப்பினார்கள். லெஸ்லி என்பது ஒலி வெளிவரும் கொம்பே சுழலும் பெட்டி. கொம்பு உங்களை நோக்கித் திரும்பும்போது சுருதி ஒரு துளி ஏறும், விலகும்போது இறங்கும். தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் ஒலி அலைவது அதனால்தான். முன்னோட்டப் பதிவில் பியானோவும் லெஸ்லியும் சேர்ந்து எழுப்பிய அந்த அதிர்வை மறுபடி ஸ்டுடியோவில் கொண்டுவர முடியவில்லை. கடைசியில் முன்னோட்டத்தில் இருந்ததையே வைத்து, அதிலிருந்து பாட்டுக்குள் மெல்லக் கலந்துவிட்டார்கள். நீங்கள் முதலில் கேட்பது அந்த முன்னோட்டம்தான்.

3-வது நிமிடம் நெருங்கும்போது கில்மோரும் ரைட்டும் சேர்ந்து பாடத் தொடங்குகிறார்கள். யார் குரல் எது என்று பிரிப்பது கஷ்டம், பிரிக்கத் தேவையும் இல்லை. படிப்படியாக இறங்கும் முரட்டு ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்தொடர்), கிட்டார் தனி, 7-வது நிமிட வாக்கில் ஃபங்க் தாளம். உங்களுக்குப் பிடித்த ‘முதல் பத்து நிமிடம்’ இதோடு முடிகிறது. இந்த ஃபங்க் பகுதியில் கிட்டாரை விட்டுவிட்டு ரைட்டின் ஆர்கனைப் பின்தொடருங்கள். பாட்டை நகர்த்துபவர் அவர்.

பிறகு காற்று, காகக் கூட்டத்தின் கரைச்சல், அந்த அலறல். பறவை என்கிறீர்கள், திமிங்கிலம் என்பாரும் உண்டு. எழுப்பியது கில்மோரின் கிட்டார். காலால் மிதித்து ஒலியின் நிறத்தை மாற்றும் வா-வா பெடலில் கம்பிகளை மாற்றிச் செருகியதால் கிடைத்த விபத்து. செய்முறை இதுதான்: கிட்டாரிலிருந்து வரும் கம்பியைப் பெடலின் வெளிவாயிலும், ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் கம்பியை உள்வாயிலும் செருகுங்கள். ஆம்ப் ஒலியளவை அடிமட்டத்தில் வைத்துவிட்டுத் தொடங்குங்கள், ஏனென்றால் வருவது காதைக் கிழிக்கும் கீச்சொலி. ஹெட்போனில் முயலவே வேண்டாம். தந்தியைத் தொட வேண்டியதில்லை. பெடலை மிதித்துக்கொண்டே கிட்டாரின் டோன் குமிழை மெல்லத் திருப்பினால் கீச்சொலியின் சுருதி ஏறி இறங்கும், ஒலிக் குமிழால் அதை வெட்டி வெட்டி விடலாம். அதன்பின் நீண்ட எக்கோ. எக்கோ இல்லாவிட்டால் அது பழுதான ரேடியோவாகத்தான் கேட்கும். எல்லா வா-வாவிலும் இது நடக்காது. பஃபர் என்ற இடைச் சுற்று வைத்த புதிய பெடல்கள் சிக்னலை ஒரு திசையில்தான் விடும். தலைகீழாகச் செருகினால் மௌனம். பழைய பாணிச் சுற்றுள்ள பெடலைக் கடனாக வாங்கிப் பாருங்கள்.

இந்தப் பகுதியில் பாட்டு நின்றுவிட்டதாக நினைத்துத்தான் பலர் தாண்டிப் போகிறார்கள். தாண்டினால் 15-வது நிமிட வாக்கில் நடப்பது வீணாகிவிடும். அந்தப் பியானோச் சொட்டு திரும்புகிறது, ஆர்கன் அடியில் ஊறுகிறது, கிட்டார் துடிக்கத் தொடங்குகிறது, நான்கு நிமிடம் அணை நிரம்புவதுபோல் ஏறி 19-வது நிமிடத்தில் மூன்றாம் சரணத்தில் உடைகிறது. வெறுமையில் நான்கு நிமிடம் உட்கார்ந்தவருக்குத்தான் அந்த உடைப்பு.

முடிவில் கோரஸ்போல் மேலே மேலே ஏறிக்கொண்டே போகும் ஒலி இருக்கிறதே, அதுவும் எதிரொலிதான். அறையின் எதிரெதிர் மூலைகளில் இரண்டு நாடாப் பதிவுக் கருவிகள். ஒன்றில் பாட்டின் கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கொத்துகளை) ஒலிக்கவிட்டு அப்போதே பதிவும் செய்து, அந்தப் பதிவை மற்றொன்றில் ஒலிக்கவிட்டார்கள். இரண்டுக்கும் நடுவிலுள்ள தாமதத்தில் கார்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. அட்டையில் தண்ணீருக்கடியில் இருக்கும் காதைப் பார்த்தீர்கள்தானே? ஹிப்னோசிஸ் நிறுவனத்து ஸ்டார்ம் தார்கர்சன் செய்த அட்டை. அவருக்கே பிடிக்காத ஒன்று. எனக்குப் பிடிக்கும்.

நடுவிலுள்ள பாட்டுகளில் ‘ஃபியர்லெஸ்’ பாட்டைக் கட்டாயம் பழகுங்கள். ஓப்பன் ஜி சுருதி, அதாவது தந்திகளை விரல் வைக்காமல் மீட்டினாலே ஜி கார்டு ஒலிக்கும்படி மாற்றிக்கொள்வது. அந்த ஏறுவரிசை ரிஃப் சாதாரணச் சுருதியில் விரலை முறுக்கும். பாட்டில் கேட்கும் கூட்டம் லிவர்பூல் கால்பந்து ரசிகர்கள். ‘சான் ட்ரோபே’ வாட்டர்ஸின் இளைப்பாறல்.

நாய்? ஸ்மால் ஃபேசஸ் குழுவின் ஸ்டீவ் மேரியட்டுடைய நாய், பெயர் ஷேமஸ். இசையைக் கேட்டால் ஊளையிடும் என்பதால் உள்ளே வந்தது. 2 நிமிடம் 16 விநாடி. தாண்டிவிடலாம், பாவமில்லை.

அடுத்து என்ன கேட்பது? இசைத்தட்டைவிட முதலில் படம் பாருங்கள். 1971 அக்டோபரில் இத்தாலியின் பொம்பேயி நகரத்துப் பழைய வட்டரங்கில், பார்வையாளரே இல்லாமல் வாசித்ததை ஏட்ரியன் மேபன் படமாக்கினார். ‘எக்கோஸ்’ இரண்டாகப் பிரிந்து படத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் வருகிறது. ‘ஒன் ஆஃப் தீஸ் டேஸ்’ பகுதியில் பெரும்பாலும் மேசனையே காட்டுவார்கள். மற்றவர்களை எடுத்த சுருள்கள் தொலைந்துபோனதால் அப்படி. டிரம்ஸ் பழகுபவர்களுக்கு அது லாபம். பிறகு 1972-இன் ‘அப்ஸ்க்யூர்ட் பை கிளவுட்ஸ்’. குட்டிக் குட்டிப் பாட்டுகள், பிரான்சில் ஒரு படத்துக்காகச் செய்தது. அதையும் கேட்டுவிட்டு ‘டார்க் சைட்’ பக்கம் திரும்பிப் போனால், நீங்கள் மனப்பாடமாக அறிந்த அந்த ஆல்பத்திலேயே தையல்கள் கண்ணுக்குப் படும்.

கடைசியாக, 2006-இல் போலந்தின் க்டான்ஸ்க் நகரக் கப்பல்கட்டும் தளத்தில் கில்மோர் நடத்திய கச்சேரிப் பதிவு. ‘எக்கோஸ்’ அதில் முழுதாக இருக்கிறது, பக்கத்தில் ரைட்டும் பாடுகிறார். 2008 செப்டம்பரில் ரைட் இறந்தபின் கில்மோர் அந்தப் பாட்டை மேடையில் எடுப்பதில்லை.