உளி பிடித்த அப்பாவும் மெழுகு கேட்கும் மகளும்

அன்புள்ள ஐயா, வணக்கம்.

சுவாமிமலையில் உலோகச் சிலை வார்க்கும் பட்டறை ஒன்றில் 22 ஆண்டுகளாக உளி பிடிக்கிறீர்கள். பிளஸ் டூவில் வணிகவியல் படித்து முடித்த மகள், மாமல்லபுரம் சிற்பக் கல்லூரிக்குத்தான் போவேன் என்கிறாள். பி.காம். படித்தால் வங்கி வேலையாவது கிடைக்குமே என்று நீங்கள் நினைக்கிறீர்கள். 'நான் பட்ட பாடு அவள் படக்கூடாது' என்று கடிதத்தில் இரண்டு இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பாடு எதனால் வந்தது என்பதைப் பார்த்துவிட்டு முடிவுக்கு வருவோம்.

வார்ப்பு முடிந்து, மண்ணை உடைத்ததும் கரடுமுரடாக வெளியே வருகிற உலோகத்தை உளியாலும் அரத்தாலும் சீராக்குவது உங்கள் வேலை. ஒரு சிலைக்கான உழைப்பில் பெரும்பகுதி அதில்தான் போகிறது. ஆனால் கிடைப்பது நாள் கூலி. வீட்டில் ஒரு கல்யாணம், ஒரு மருத்துவச் செலவு என்றால் முன்பணம், பிறகு அதைக் கழிக்கவே வேலை. முதுகு வலியைவிட, செய்த சிலை எந்த ஊருக்கு என்ன விலைக்குப் போனது என்று தெரியாமலே 22 ஆண்டுகள் கழிந்ததுதான் உங்களை அதிகம் வருத்தியிருக்கிறது என்று உங்கள் கடிதம் சொல்கிறது.

உங்கள் மகள் கேட்பது இந்த வேலையை அல்ல. அவள் மெழுகைக் கேட்கிறாள். உங்களுக்குத் தெரிந்ததுதான், இதைப் படிக்கும் மற்ற பெற்றோருக்காகச் சொல்கிறேன். மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, தென்னை ஓலை நறுக்கைத் தாள அளவுக்கு (சிலையின் உறுப்புகளுக்கான மரபு அளவு) மடித்து, அந்த அளவில் முகம், மார்பு, இடை என்று உருவம் எடுப்பார்கள். அதன்மேல் காவிரி வண்டலைப் பூசி, காயவைத்து, சூடேற்றினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில்தான் உலோகம் ஊற்றப்படுகிறது. மெழுகில் இல்லாத அழகை உளியால் கொண்டுவர முடியாது. உருவம் எடுக்கத் தெரிந்தவரைத்தான் ஸ்தபதி என்கிறோம். கோயில் நிர்வாகமும் வெளிநாட்டு வாடிக்கையாளரும் வந்து பேசுவது அவரிடம்தான். 2023-இல் டெல்லி பாரத மண்டபத்தில் நிறுவிய 27 அடி உயர, 18 டன் எடையுள்ள நடராசர் சுவாமிமலையில் உருவானவர் என்று ஊரே பெருமைப்பட்டது. அத்தனை பெரிய திருமேனியும் முதலில் மெழுகில் நின்றதுதான்.

இந்த ஊரில் மெழுகு வேலை பெரும்பாலும் ஸ்தபதி குடும்பத்து ஆண்பிள்ளைகளுக்கே கற்றுத்தரப்பட்டது. உங்களைப் போல வெளியிலிருந்து வந்தவர்கள் உளியோடு நின்றுவிட்டார்கள். பெண்கள் பட்டறைக்குள் வந்ததே குறைவு. கல்லூரி அவசியம் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். உங்கள் குடும்பத்துக்குத் திறக்காத கதவு அங்கே விண்ணப்பப் படிவத்தால் திறக்கும்.

மாமல்லபுரம் அரசுக் கல்லூரி 1957-இல் தொடங்கப்பட்டது. சிற்பத்தில் நான்காண்டு இளங்கவின்கலைப் பட்டம் தருகிறார்கள். கல், மரம், சுதை (சுண்ணாம்புச் சாந்து) ஆகியவற்றோடு உலோகமும் உண்டு. வணிகவியல் படித்தது சிற்பப் பிரிவுக்குத் தடையில்லை, மரபுக் கட்டடக்கலைக்குத்தான் கணிதம் வேண்டும். அவ்வளவு தூரம் அனுப்பத் தயங்கினால், பக்கத்தில் கும்பகோணத்திலேயே அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. அங்கே மரபு வார்ப்பைவிட நவீன சிற்பத்துக்கு இடம் அதிகம். என் விருப்பம் மாமல்லபுரம்தான், ஆனாலும் இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். சேர்ந்ததுமே கல்லூரி வழியாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

பட்டம் பெற்றால் வேலை உறுதியா என்று கேட்கிறீர்கள். உறுதி இல்லை. அறநிலையத் துறையில் ஸ்தபதி பணியிடங்கள் உண்டு, ஆனால் மிகக் குறைவு. அதை மட்டும் நம்பி அனுப்பாதீர்கள். அரசின் கைவினைப் பொருள் நிறுவனமான பூம்புகாருக்குச் சுவாமிமலையிலேயே உலோகச் சிலை உற்பத்தி நிலையம் இருக்கிறது, அருங்காட்சியகங்களில் பழைய உலோகங்களைப் பேணும் வேலைகளும் உண்டு (அவற்றுக்கு மேற்படிப்பு வேண்டியிருக்கும்). பெரும்பாலோர் சொந்தமாகவோ, பெரிய பட்டறைகளோடு சேர்ந்தோதான் தொழில் செய்கிறார்கள். முதல் சில ஆண்டுகள் வருமானம் சீராக வராது. இதை மகளிடமும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அதனால்தான் உங்கள் பி.காம். ஆசையையும் நான் தள்ளிவிடவில்லை. 2022 முதல் ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு பட்டப்படிப்புகள் படிக்க யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதிக்கிறது, ஒன்று நேரடியாக, மற்றொன்று தொலைநிலையில் என்று வைத்துக்கொள்ளலாம். முதலாண்டு சிற்பம் மட்டும் படிக்கட்டும், கை பழகட்டும். இரண்டாம் ஆண்டிலிருந்து தொலைநிலையில் பி.காம். சேரலாம். இந்தத் தொழிலுக்கு அது வீண் படிப்பு அல்ல. புதுச் சிலையை வெளிநாட்டுக்கு அனுப்பவே, அது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்க வேண்டியிருக்கிறது. ஏற்றுமதிக் காகிதம், ஜி.எஸ்.டி., விலை நிர்ணயம் எல்லாம் தெரிந்தவர் பட்டறைகளில் அரிது. கணக்குத் தெரிந்த சிற்பியை முன்பணத்தில் கட்டிப்போட முடியாது.

இன்னொன்று உங்களுக்காக. தமிழ்நாடு அரசின் கலைஞர் கைவினைத் திட்டம் 35 வயது நிறைந்தவர்களுக்கானது. மகளுக்கு இப்போது பொருந்தாது, உங்களுக்குப் பொருந்தும். 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய், மானியம். மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். வீட்டுப் பின்கட்டில் சிறிய அளவில் சொந்த வேலை தொடங்க அது போதும். மகள் படித்து வரும்போது உலை அங்கே இருக்கும்.

விண்ணப்பத்துக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. அதற்குள் அவள் வரைந்த நோட்டுகளையெல்லாம் தேதி வாரியாக அடுக்கி வைக்கச் சொல்லுங்கள். கிலோ கணக்கில் வேண்டாம், கையளவு மெழுகு வாங்கிக் கொடுங்கள். ஒரு கையை மட்டும், விரல்களோடு, முத்திரையோடு எடுத்துப் பார்க்கட்டும். சரியாக வந்திருக்கிறதா என்று சொல்ல உங்களைவிடத் தகுந்தவர் வேறு யார்? 22 ஆண்டுகள் பிறர் எடுத்த விரல்களைச் சீராக்கியவர் நீங்கள்.