ரோஜாவுக்கு குளிர்கால மூடாக்கு: தென்னாப்பிரிக்கத் தோட்டக்காரங்க கேளுங்க, சொல்றேன்

லெனேசியா தம்பி: அண்ணே, ஜூன் வந்தாச்சு, பனி விழுது, ரோஜாவ எதால மூடுறது?

தம்பி, நம்ம ஜோகன்னஸ்பர்க்ல ரோஜா குளிர்ல சாகாது, காய்ஞ்சுதான் சாகும். காலைல புல்லு வெள்ளையா கெடக்கும், ஆனா செப்டம்பர் வரைக்கும் மழைய நம்ப முடியாது, மண்ணு பாளமா வெடிச்சுரும். ஈரத்தக் காக்கத்தான் மூடாக்கு. கனடா வீடியோ பாத்துட்டு ஒட்டுக்கட்டுன எடத்து மேல மண்ணக் குவிக்காதீங்க, அது அவங்க ஊர் குளிருக்கு. மொதல்ல கீழ விழுந்த இலையெல்லாம் பொறுக்கிருங்க, கரும்புள்ளி நோய் அதுலதான் தங்கும், அப்புறம் தண்ணி ஊத்தி, மக்குன சாணி ஒரு தட்டு, மேல பைன் பட்டை ரெண்டு மூணு இன்ச். தண்டுல படக்கூடாது, நாலு விரல் தள்ளிப் போடுங்க. பக்கத்து வீட்டு அக்கா செடில பட்டைய வெலக்கிப் பாத்தேன், அடித்தண்டு கறுத்து, நகம் பட்டதும் தோலு வழண்டு வந்துச்சு. பத்து வருஷச் செடி. மனசே ஆறல.

சாட்ஸ்வொர்த் அக்கா: எங்க பக்கம் பனியே இல்லையே?

உங்க டர்பன் பக்கம் கரும்புச் சக்கை இருக்குக்கா, 1860ல இருந்து நம்ம ஆளுங்க ஒப்பந்தக் கூலியா வந்து வெட்டுன கரும்பு. சீக்கிரம் மக்கிரும், அப்பப்ப மேல போடணும். தண்டுல படாம.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் அண்ணன்: பைன் பட்டை மண்ணப் புளிப்பாக்கிரும், ஏன் சொல்றீங்க?

மேலாப்புல கெடக்குற பட்டை மண்ண அவ்வளவா மாத்தாதுண்ணே, ரோஜாவுக்கே லேசான புளிப்புதான், பி.எச். 6ல இருந்து 6.5 வேணும்.

அவரே: எங்க தாத்தா காலத்துலேருந்து போடக்கூடாதுன்னுதான் சொல்றாங்க.

தாத்தா பச்சை மரத்தூள மண்ணோட கெளறிவிட்டதப் பாத்துச் சொல்லியிருப்பாருண்ணே. அப்படிக் கெளறுனா தூளு மக்குறப்ப மண்ணுல இருக்குற நைட்ரஜன இழுத்துக்கும், இலை மஞ்சளாகும். அதுல அவர் சொன்னது சரி. மேல பரப்புறது வேற. நம்பலைன்னா ஒரு பாத்திக்கு பட்டை, ஒரு பாத்திக்கு சக்கை போட்டு, அடுத்த குளிருக்கு ரெண்டு மண்ணையும் டெஸ்ட் பண்ணிப் பாருங்க.

லோடியம் தம்பி: எத்தனை இன்ச் அண்ணே?

மேலயே சொல்லியாச்சு. ரெண்டு மூணு.

பெனோனி அக்கா: வெட்டுன கிக்குயு புல்லு போடலாமா?

வேண்டவே வேண்டாம்! ஒரு கணு உயிரோட இருந்தாலும் வேர் விட்டு பாத்தி முழுக்கப் படரும்.

கேப்டவுன் தங்கச்சி: எங்களுக்கும் இதேதானா?

இல்லம்மா, உங்களுக்கு மழையே குளிர்லதான். இப்ப மெல்லிசா போதும், இல்லன்னா நத்தை குடியேறிரும். வெயில் காலத்துக்கு முன்னாடி கனமா போடுங்க.

இன்னொரு தம்பி: பனிக்கு ஒட்டு மேல மூடணுமா?

வேணாம் தம்பி, மொத பதிலப் படிங்க. தண்டுல எதையும் படவிடாதீங்க.

லெனேசியா அக்கா: எலுமிச்சைக்கு?

அது நர்சரியில கேளுங்கக்கா, எனக்கு ரோஜாதான் தெரியும்.

முதல்ல கேட்ட தம்பி: கவாத்து எப்ப?

நம்ம பக்கம் ஜூலை கடைசி, ஆகஸ்ட் ஆரம்பம். அன்னைக்கு மூடாக்க ஒதுக்கி, விரல மண்ணுல விட்டுப் பாருங்க, காய்ஞ்சிருந்தா வெட்டுறதுக்கு முன்னாடி தண்ணி.